வலக்காலுக்கு ஜெல், இடக்காலுக்கு ஒன்றுமில்லை: உரும்பிராய்ப் பக்கத்து முழங்கால் தேய்வு ஒன்று

இந்த நிகழ்வை எழுத எடுத்ததற்குக் காரணம், இதில் இரண்டு முழங்கால்கள் இருக்கின்றன என்பதுதான். இரண்டிலும் தேய்வு. ஒன்றுக்கு மூட்டுக்குள்ளே ஜெல் ஊசி போடப்பட்டது, மற்றதற்குப் போடவில்லை. ஆள் ஒன்று, எடை ஒன்று, போகிற தோட்டம் ஒன்று, செய்த பயிற்சியும் ஒன்று. ஆய்வுகூடத்தில் செய்யும் ஒப்பீடு போல இது துப்புரவானது இல்லை. ஆனாலும் "ஜெல் போட்டால் சுகம் வருமோ?" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு இதில் நிறையவே இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

அம்மாவுக்கு 61 வயது. உரும்பிராய்ப் பக்கம், செம்மண் தோட்டம். வெங்காயமும் மரக்கறியும் வைப்பார்கள். கணவர் இல்லை, மகளோடு இருக்கிறார், மகன் கனடாவில். ஒன்பது வருடமாகச் சலரோகம், அதற்கு மெற்போமின். பிரசருக்கும் ஒரு குளிசை. உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. கணக்குப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி 32.

முழங்கால் நோவு தொடங்கி நாலு வருடம். முதலில் படி இறங்கும்போது மட்டும் இருந்தது. பிறகு குந்தி இருந்து புல்லுப் பிடுங்கிவிட்டு எழும்பும்போது வந்தது. கடைசி ஐந்து மாதமாக வலது முழங்கால் வீங்கி, தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருந்தது. காலையில் எழும்பியதும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் மூட்டுகள் இறுகி நிற்கும், அதன்பின் இளகும். நோவுக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு வலதுக்கு 7, இடதுக்கு 5 என்றார்.

அவர் சொன்னபடியே எழுதினால்: "குந்தி இருக்கேலாது டொக்டர். இருந்தா எழும்பேலாது. கோயில்ல சப்பாணி கட்டி இருந்தா ரெண்டு பேர் வந்து தூக்கவேணும்."

யாழ்ப்பாணத்துப் பெண்களின் முழங்காலைப் பற்றிப் பேசும்போது தொழிலைக் கேட்காமல் விடக்கூடாது. வெங்காயம் நடுவதும், புல்லுப் பிடுங்குவதும், கிண்டுவதும் எல்லாமே குந்தி இருந்து செய்யும் வேலை. மணிக்கணக்காக அப்படியே அரக்கி அரக்கி நகர்வார்கள். வீட்டுக்கு வந்தால் திருவலையில் தேங்காய் துருவுவதும் குந்தித்தான், மலசலகூடமும் குந்தும் வகைதான். முழங்கால் முழுதாக மடங்கும்போது முழங்காற் சில்லுக்குப் பின்னால் ஏறும் அழுத்தம், நடக்கும்போது ஏறுவதைப் போலப் பல மடங்கு. ஒரு நாளில் எத்தனை தரம் குந்துகிறார் என்பதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

வருவதற்கு முன் செய்தவை

நோவெண்ணெய், நொச்சி இலை ஒத்தடம், பனடோல். இவற்றில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒத்தடம் சுகம் தரும், எண்ணெய் போட்டு உருவுகிற கையும் சுகம் தரும். சிக்கல் அடுத்ததில்தான். மருந்துக்கடையில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கிய டைக்ளோபினாக் என்ற நோக்குளிசை, ஒரு நாளைக்கு இரண்டு வீதம், விட்டு விட்டு ஒன்றரை வருடம். சலரோகமும் பிரசரும் உள்ளவருக்கு இது சிறுநீரகத்தில் கை வைக்கும் மருந்து. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரக வடிகட்டு வீதம் 54. இந்த வயதுக்கு இருக்கவேண்டியதைவிடக் குறைவு. அன்றே டைக்ளோபினாக்கை நிறுத்தியாயிற்று.

முந்திய ஒரு வருடத்துக்குள் வேறோரிடத்தில் வலது முழங்காலுக்கு ஸ்டீரொயிட் ஊசி இரண்டு தரம் போட்டிருந்தார்கள். இரண்டு தரமும் மூன்று நாலு கிழமை நல்ல சுகம், பிறகு பழையபடி. கூடவே ஒவ்வொரு தரமும் வெறுவயிற்றுச் சீனி 160இலிருந்து 280க்கு ஏறி, ஒரு கிழமை கழித்துத்தான் இறங்கியது. சலரோகக்காரருக்கு இது எதிர்பார்க்கக்கூடியது. இன்னொன்றும் உண்டு. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு சோதனை வந்தது. 140 பேர், மூன்று மாதத்துக்கு ஒரு தரம், இரண்டு வருடம். ஒரு பாதிக்கு டிரையம்சினொலோன் ஊசி, மறு பாதிக்கு வெறும் உப்புநீர். முடிவில் நோவில் வித்தியாசம் இல்லை, ஆனால் ஸ்டீரொயிட் போட்டவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஒரு தரம் போடுவது வேறு, அதையே வழக்கமாக்குவது வேறு. இந்த அம்மாவுக்கு மூன்றாவது ஸ்டீரொயிட் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் கனடாவிலிருந்து மகனின் அழைப்பு வந்தது. அங்கே வேலைத்தலத்தில் யாரோ முழங்காலுக்கு ஜெல் போட்டு ஓடித்திரிகிறாராம். "அம்மாவுக்கும் போடுங்கோ டொக்டர், காசு பிரச்சினையில்லை." காசு வந்துவிட்டது, நல்லூர்த் திருவிழாவும் வரப்போகிறது. அம்மாவுக்கு அடியழிக்கும் நேர்த்தி ஒன்று பாக்கி. தெரியாதவர்களுக்கு: ஆண்கள் அங்கப்பிரதட்சணம் செய்ய, பெண்கள் பின்னால் சில அடி நடந்து, முழங்காலில் விழுந்து, நிலத்தைத் தொட்டு, எழும்பி, மறுபடி நடந்து வீதியைச் சுற்றுவார்கள். வீதியில் மணல் பரப்பியிருக்கும் என்பது ஓர் ஆறுதல். தேய்ந்த முழங்காலுக்கு அந்த ஆறுதல் காணாது.

சோதித்ததில்

இரண்டு கால்களும் உட்பக்கமாகச் சற்று வளைந்து நின்றன. வலது முழங்காலில் நீர் கோத்திருந்தது. சில்லை விரலால் அமுக்கினால் மிதந்து போய்த் தட்டியது. மடக்கினால் 105 பாகை, நீட்டினால் ஐந்து பாகை குறை. தொடையின் முன்தசை வலப்பக்கம் கண்ணுக்கே தெரியும்படி மெலிந்திருந்தது. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறார் என்று பார்த்தால், ஆறு. அவர் வயதுப் பெண்கள் பன்னிரண்டாவது செய்யவேண்டும்.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் வலது முழங்கால் கெல்கிரன்–லோறன்ஸ் அளவில் (தேய்வை 0 முதல் 4 வரை அளப்பது) 3, இடது 2. படுக்கவைத்து எடுத்த பழைய படம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அதில் இடைவெளி ஓரளவு நன்றாகவே தெரிந்தது. பாரம் ஏறாத மூட்டு பொய் சொல்லும், ஆகவே முழங்காலை எப்போதும் நிற்கவைத்துத்தான் எடுக்கவேண்டும்.

தேய்வு இருக்கிறது என்பதற்காக வீக்கம் தேய்வினால்தான் என்று எழுதிவிட முடியாது. சூடான, நீர் கோத்த முழங்கால் என்றால் கிருமி, யூரிக் அமிலப் படிகம், முடக்குவாதம் எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். 2006 கடைசியில் யாழ்ப்பாணத்தைச் சுற்றி அடித்த சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்காக மூட்டு நோவோடு வந்தவர்களை இங்கே பலரும் மறந்திருக்கமாட்டார்கள், ஆகவே காய்ச்சல் கதையையும் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. விசேட நிபுணரிடம் அனுப்பி, மூட்டிலிருந்து நீரெடுத்துப் பார்த்தோம். 18 மில்லிலீற்றர் வந்தது. வைக்கோல் நிறம், அதற்குள்ளால் பார்த்தால் எழுத்து வாசிக்கலாம். ஊசி முனையிலிருந்து ஒரு துளியை விடும்போது அது நூலாக இழுபட்டது, ஆனால் சுகமான மூட்டின் நீர் இழுபடும் அளவுக்கு இல்லை, சீக்கிரமே அறுந்தது. வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலீற்றரில் 600. படிகம் இல்லை, கிருமி வளரவில்லை. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ஆர்-பி சாதாரணம். ஆகவே இது தேய்வுதான், கூடவே மூட்டுச் சவ்வில் ஒரு மெல்லிய அழற்சி.

நீரெடுத்த அன்று பின்னேரமே அவர் சொன்னார்: "பாதி நோ போட்டுது." இதை நினைவில் வைத்திருங்கள்.

ஜெல் என்பது என்ன

ஹயலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்நீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள். நமது மூட்டு நீரின் வழுவழுப்புக்கு அதுதான் முக்கிய காரணம். சுகமான முழங்காலில் இருப்பது இரண்டு முதல் நாலு மில்லிலீற்றர் நீர்தான், அதில் இந்த அமிலம் நீண்ட சங்கிலிகளாக இருக்கும். தேய்வு வந்த மூட்டில் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுபடுகின்றன, செறிவும் குறைகிறது. நீர் பெருகுகிறது, ஆனால் தண்ணியாகிறது. அறுபட்ட சிறு துண்டுகள் சும்மா கிடப்பதில்லை, அவையே சவ்வைச் சீண்டி அழற்சியைக் கூட்டும். நீண்ட சங்கிலி அதற்கு எதிர், உயிரணுக்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தணிக்கப் பார்க்கும். ஜெல் அழற்சியைக் குறைக்கும் என்று சொல்வதற்கான ஆய்வுகூட அடிப்படை இதுதான், அது கற்பனை இல்லை.

விற்பவர்கள் சொல்வது வேறு. "மூட்டுக்குக் கிறீஸ் போடுறது மாதிரி." இந்த உவமை சனங்களுக்கு உடனே பிடிபடும், ஆனால் பிழை. போட்ட ஜெல் மூட்டில் தங்குவதில்லை. சாதாரண வகை ஓரிரு நாளில் பெரும்பாலும் வடிந்துபோகும், குறுக்குப் பின்னல் போட்ட தடித்த வகை சில கிழமை நிற்கும். சுகம் வந்தவர்களுக்கோ அது மாதக்கணக்கில் நிற்கிறது. மசகு என்றால் மசகு போனதும் சத்தம் வரவேண்டுமே? ஆக, சுகம் வருகிறவர்களுக்கு அது வேறு வழியால்தான் வருகிறது.

வரலாற்றில் ஒரு சுவையான பகுதி உண்டு. மனிதருக்கு வருமுன் இது பந்தயக் குதிரைகளின் மூட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன எண்ட்ரே பலாஷ் என்ற விஞ்ஞானிதான் இந்தத் துறையின் மூலவர். அமெரிக்காவில் 1997இல் முழங்காலுக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் மருந்தாக இல்லை, மருத்துவச் சாதனமாக. முதலில் வந்தவை சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டவை.

அம்மா இதை எப்படியோ அறிந்துவிட்டார். மகள்தான் போனில் பார்த்திருக்கவேண்டும். "டொக்டர், இது கோழிக் கொண்டையில இருந்து எடுக்கிறதெண்டு சொல்லுகினம், உண்மையோ? நான் சைவம். கந்தசஷ்டியும் பிடிக்கிறனான்." நியாயமான கேள்வி. பறவைப் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே கேள்வி முக்கியம். இப்போது பல தயாரிப்புகள் பாக்டீரியா நொதித்தலில் வருகின்றன. பெட்டியோடு வரும் தாளில் எது என்று எழுதியிருக்கும். அவருக்குப் போட்டது நொதித்தல் வகை. தாளை விரித்து மகளை வாசிக்கச் சொல்லி, கேட்டபிறகுதான் சம்மதித்தார்.

போடுவதா, விடுவதா

என் பக்கத்தை மறைக்கவில்லை. பொதுவாக நான் ஜெல் ஊசியை முதலில் சொல்கிற ஆள் இல்லை. 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. அதில் 24 பெரிய சோதனைகளை, கிட்டத்தட்ட 9,000 பேரை, பொய் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நூறு மில்லிமீற்றர் நோவுக் கோட்டில் ஜெல்லினால் வந்த மேலதிகக் குறைவு வெறும் 2 மில்லிமீற்றர். நோயாளிக்குத் தெரியக்கூடிய மாற்றம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது 9. பாரதூரமான பக்கவிளைவுகளும் ஜெல் போட்டவர்களில் கூட. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் கொடுக்கவேண்டாம் என்றே எழுதியது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019இல் முழங்காலுக்கு நிபந்தனையோடு வேண்டாம் என்றது, இடுப்புக்கு அறவே வேண்டாம் என்றது. ஆனால் அதே 2019இல் சர்வதேச மூட்டுத்தேய்வு ஆய்வுச் சங்கம் முழங்காலுக்கு நிபந்தனையோடு கொடுக்கலாம் என்றது. ஒரே ஆய்வுக் குவியலை வாசித்து எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பின் ஏன் இவருக்கு? மற்றக் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. டைக்ளோபினாக் சிறுநீரகத்துக்கு ஆகாது, ஸ்டீரொயிட் சீனிக்கு ஆகாது, பனடோல் காணாது. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு அவர் இன்னும் மனம் வைக்கவில்லை, மூன்று மாதச் சராசரிச் சீனியும் (எச்-பி-ஏ-1-சி, நூற்றுவீதக் கணக்கு) 8.4இல் நின்றது. பயிற்சி செய்ய வைக்கலாம் என்றால், வலக்காலை நீட்டவே நோகிறது. ஜெல் சீனியைக் கூட்டாது, சிறுநீரகத்தைத் தொடாது. படமும் இன்னும் கடைசிப் படியில் இல்லை. எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்த மூட்டுக்கு இதைப் போடுவதைக் காசை வாய்க்காலில் விடுவது என்றுதான் சொல்வேன்.

நிபுணரும் நானும் பேசி, வலதுக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். மகன் இரண்டுக்கும் காசு அனுப்பியிருந்தார். இடது முழங்காலில் நீர் இல்லை, நோவும் குறைவு. அந்தக் காசில் வீட்டு மலசலகூடத்துக்கு ஒரு கொமட் வைக்கச் சொன்னேன். மகனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, ஊசிக்கு என்று அனுப்பிய காசு அல்லவா. மகள்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

ஊசி போட்டது

கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி, ஒவ்வொன்றும் 2 மில்லிலீற்றர். சனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து), தனியார் இடமொன்றில் நிபுணர் போட்டார். படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்து, சில்லின் மேல் வெளிமூலையால் ஸ்கானில் பார்த்தபடி. தோலைத் துடைப்பதற்குத்தான் கூடுதல் நேரம் போனது, சலரோகக்காரருக்கு அது அப்படித்தான் இருக்கவேண்டும். முதல் நாள் மறுபடியும் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டே ஜெல் போனது. நீரை எடுக்காமல் மேலால் ஜெல்லைப் போட்டால் அது கரைந்து தண்ணியாகத்தான் நிற்கும், ஊசி மூட்டுக்குள் இருக்கிறதா என்பதும் உறுதிப்படாது. ஜெல் தடிப்பானது, மெல்லிய ஊசியால் போகாது, தள்ளவும் பலம் வேண்டும். அதனால் சிலருக்கு அந்த நேரம் மூட்டு விம்முவது போல இருக்கும். அவர் "இறுக்குது, இறுக்குது" என்றார், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரவு முழங்கால் பொங்கிவிட்டது. காலையில் மகள் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். மூட்டு சிவப்பு இல்லை, சூடு உண்டு, காய்ச்சல் இல்லை. ஜெல்லுக்கே மூட்டு இப்படிக் கோபிப்பது உண்டு, சில தயாரிப்புகளில் அது கிருமி புகுந்தது போலவே தோன்றும் அளவுக்கு வரும். ஆனால் "ஊசிக்கு அப்படித்தான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடிய நிலைமை இதில்லை. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு போய்விடும், சலரோகக்காரருக்கு ஆபத்து இரட்டிப்பு. அன்றே நீரெடுத்து அனுப்பினார்கள். அணுக்கள் கூடியிருந்தன, ஆனால் கிருமியின் அளவுக்கு இல்லை. வளர்ப்பிலும் ஒன்றும் வரவில்லை. ஐஸ் ஒத்தடமும் ஓய்வுமாக இரண்டு நாளில் வடிந்தது. மூன்றாவது ஊசியை ஒரு கிழமை தள்ளிப்போட்டார்கள். ஊசி போட்ட மூட்டு வீங்கி நோகத் தொடங்கினால் எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே காட்டவேண்டும்.

ஊசிக்குப் பிறகு

முழங்காலுக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்தசை தானாகவே அடங்கிவிடும். வலி இல்லாவிட்டாலும்கூட. இருபது முப்பது மில்லிலீற்றர் நீரே அதற்குக் காணும் என்பது எப்போதோ காட்டப்பட்ட விடயம். மூளை அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும், தசை மெலியும், மெலிந்த தசை மூட்டைப் பிடிக்காது, மூட்டு இன்னும் அழன்று நீர் இன்னும் கோக்கும். இந்தச் சுற்றை எங்காவது வெட்டவேண்டும். நீரெடுத்ததும், ஊசியும், ஊசியினால் வந்த நம்பிக்கையும் சேர்ந்து ஒரு இடைவெளி கொடுத்தன. அந்த இடைவெளிக்குள் தசையைப் பிடித்துவிடவேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

இயன்மருத்துவர் கொடுத்தது ஆடம்பரமான ஒன்றுமில்லை. சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து ஐந்து எண்ணும்வரை அமுக்குவது. காலை நேராக நீட்டி ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, முதலில் கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயரமாக, பிறகு ஒன்று, பிறகு வெறும் கதிரை. விறாந்தைப் படியில் ஏறி இறங்குவது. பத்துப் பத்தாக மூன்று தரம், கிழமையில் நாலைந்து நாள், இரண்டு காலுக்கும். முதல் மாதம் மகள் கொப்பியில் சரி போட்டு வைத்தார். கொப்பியைப் பார்த்தால் செவ்வாயும் வெள்ளியும் காலி, கோயில் நாள். அதைக் குறையாகப் பிடிக்கவில்லை.

தோட்டத்தில் குந்துவதை நிறுத்தச் சொன்னால் நடக்காது, அது பிழைப்பு. கட்டை வாங்கு ஒன்றைக் கொண்டுபோய் அதில் இருந்து புல்லுப் பிடுங்குவதும், அரை மணிக்கு ஒருக்கால் எழும்பி நடப்பதும் என்று பேசிக்கொண்டோம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்களாம். சாப்பாட்டில் இரவுப் புட்டைப் பாதியாக்கினார், தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினார். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்ற கணக்கைச் சொன்னதுதான் அவருக்கு ஏறியது. "அப்ப நாலு கிலோ குறைஞ்சா ஒரு சின்னப் பொடியனை இறக்கி வைச்சது மாதிரி" என்றார்.

நேர்த்திக்கு நான் தடை சொல்லவில்லை. வீதி சுற்றி நடந்து கும்பிடலாம், அடியழிக்கவேண்டாம் என்றேன். அவர் ஐயரிடம் கேட்டாராம், அவருக்குப் பதிலாக மகள் செய்யலாம் என்று ஐயர் சொல்லிவிட்டாராம். மகளின் முழங்காலுக்கு 34 வயதுதான்.

இரண்டு முழங்கால்களின் கணக்கு

ஊசி முடிந்து ஆறு கிழமையில் வலது 7இலிருந்து 4. இடது 5இலிருந்து 3. மூன்று மாதத்தில் வலது 3, இடது 2. ஆறு மாதத்தில் வலது மறுபடி 4, இடது 2. ஒரு வருடத்திலும் அதேதான், 4 மற்றும் 2. கதிரையிலிருந்து எழும்புவது ஆறிலிருந்து மூன்று மாதத்தில் பதினொன்று, வருட முடிவில் பன்னிரண்டு. எடை 74இலிருந்து 69. மூட்டில் நீர் மறுபடி கோக்கவில்லை.

ஊசி படாத இடது முழங்கால் மூன்று புள்ளி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஊசி போட்ட வலது மூன்று மாதத்தில் நாலு புள்ளி இறங்கி, பிறகு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. ஜெல்லின் பங்கு என்று கூடியது எதைச் சொல்லலாம்? சில மாதத்துக்கு ஒரு புள்ளி. அதையும் முழுதாக ஜெல்லின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. வலது மூட்டிலிருந்து நீரெடுத்திருக்கிறோம், அதன் சுகம் தனி. நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் வருவார்கள், உச்சத்திலிருந்து எப்படியும் கொஞ்சம் இறங்கும். கூடவே ஊசி என்ற சடங்கின் பலம். மூட்டுக்குள் போடும் வெறும் உப்புநீர்கூடப் பொய்க் குளிசையைவிட நன்றாக நோவைக் குறைக்கும், இது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது. கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பிப் போட்ட ஊசி என்றால் அந்தப் பலம் இன்னும் கூடவே இருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வலதின் நோ குறையாமல் இருந்திருந்தால் இந்த அம்மா கதிரைப் பயிற்சியைத் தொடங்கியே இருக்கமாட்டார். இடதின் சுகத்துக்கு வலதின் ஊசி வழிவிட்டது என்று நிபுணர் வாதாடினார். வலக்கால் நொண்டாவிட்டால் இடக்காலில் ஏறும் மேலதிகப் பாரமும் குறையும் என்பது அவருடைய அடுத்த வாதம். அதில் நியாயம் இருக்கிறது. என் பதில், அந்த வழியை நீரெடுத்ததே திறந்திருக்கக்கூடும் என்பதுதான். "பாதி நோ போட்டுது" என்று அவர் சொன்னது ஜெல் போடுவதற்கு முந்திய கிழமை. இந்த வாதத்தை ஒரு நோயாளியை வைத்துத் தீர்க்க முடியாது. அந்தச் சிறு புள்ளிக்கு ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாத வரவை விழுங்கும் செலவு பெறுமதியா என்பதைத்தான் வீட்டுக்காரர் தீர்மானிக்கவேண்டும். பயிற்சிக்குக் காசு இல்லை. 2020இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒவ் மெடிசினில் வந்த சோதனையில் 156 பேரை ஒரு வருடம் பார்த்தபோது, ஸ்டீரொயிட் ஊசியைவிட இயன்மருத்துவம் பெற்றவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

மகனின் அடுத்த கேள்வி

ஆறு மாதத்தில் வலது சற்றுத் திரும்பியதும் மகன் மறுபடி எடுத்தார். கரையாத புது ஜெல் ஒன்று ஐரோப்பாவில் வந்திருக்கிறதாம். அவர் சொன்னது பொலிஅக்ரிலமைட் ஜெல். நூற்றுக்கு 97.5 பங்கு தண்ணீர், 2.5 பங்கு பின்னிய பொலிமர். ஒரே தரம் 6 மில்லிலீற்றர். 2021இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. இதுவும் குதிரைகளுக்குப் போடப்படுகிறது. அது மூட்டு நீரில் மிதப்பதில்லை, சவ்வுக்குள் போய்ப் பதிந்து சவ்வைத் தடிப்பாக்கி இளக்கும். கரையாது என்பதுதான் அதன் பலம், எனக்கு அதில் தயக்கமும் அதனால்தான். போட்டதை எடுக்க முடியாது. ஹயலூரோனிக் ஊசியோடு ஒப்பிட்ட சோதனையில் அதற்குக் குறைந்ததில்லை என்று காட்டினார்கள், அதைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. ஒப்பிட்ட மற்ற ஊசியின் தராதரத்தை மேலே பார்த்தோம். சீனி 8க்கு மேல் இருக்கும் ஒருவருக்கு, பின்னால் மூட்டு மாற்றவேண்டி வரக்கூடிய ஒருவருக்கு, இதை நான் இப்போதைக்குச் சொல்லமாட்டேன்.

அழற்சி வந்தால் மட்டும் உடைந்து உள்ளிருக்கும் மருந்தை விடும் ஜெல்களும் ஆய்வில் உண்டு, எலிகளில் நன்றாக வேலை செய்தன. ஆட்களுக்கு வரும்போது பார்ப்போம்.

இப்போதைய நிலை

வருட முடிவில் ஜெல்லைத் திரும்பப் போடவில்லை. வலது 4இல் நிற்கிறது, தோட்டத்துக்குப் போகிறார், வாங்கோடுதான். டைக்ளோபினாக் இல்லை, சிறுநீரக வீதம் 58. மூன்று மாதச் சராசரிச் சீனி 8.4இலிருந்து 7.6க்கு வந்திருக்கிறது. மூட்டு மாற்று நிபுணரிடம் ஒருமுறை காட்டி வைத்திருக்கிறோம். இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, அல்லது கோயில்வரை நடக்க முடியாத நிலை வந்தால் பெயரைக் கொடுப்பது என்று பேச்சு. அதுவரை மூட்டுக்குள் எந்த ஊசியும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் போட்ட ஊசி கிருமித் தொற்றைக் கூட்டக்கூடும் என்பதால். அடுத்த எக்ஸ்ரே தைக்குப் பிறகு, நிற்கவைத்து, இரண்டு முழங்காலும் ஒரே படத்தில்.